கரிசல் நாடு கண்ட கரடி

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வறண்ட பிரதேசத்தில் காட்டுக் கரடி இல்லை. கரிசலும் செவலும் மாறி மாறி வருகிற இச்சமவெளியில், கண்மாய்க் கரைகளில் நிற்கும் நாட்டுக் கருவேலும், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவித் தரிசையெல்லாம் தனதாக்கிக் கொண்ட சீமைக் கருவேலும் நரிக்கும் முயலுக்கும் மயிலுக்கும் மறைவிடம் தருகின்றனவே ஒழிய, பாறைக் குகையும் அடர்ந்த நிழலும் கோடையிலும் வற்றாத சுனையும் வேண்டி நிற்கும் அப்பெரும் பிராணிக்கு அவை போதமாட்டா. ஆயினும் இந்நாட்டு ஜனங்களுக்குக் கரடி அந்நியமன்று. நேர் மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் எழுகின்ற ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத்தொடரில் அது இன்றும் வாழ்கிறது. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு, அம்மலைகளோடு சேர்ந்த வருஷநாட்டு மலைகளின் கிழக்குச் சரிவிலேதான் பிறக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறும் யாத்திரிகர் நடந்து செல்வதும் கரடி உலவும் காட்டின் வழியேதான். இவ்வாறு அண்டையில் இருந்தும் கண்ணுக்குத் தப்பி வாழ்ந்த ஒரு விலங்கை இச்சமவெளி மக்கள் எந்தெந்தக் காலத்தில் எவ்வெவ்வாறு கண்டார்கள் என்பதை ஆராய்ந்தால், மனிதனுக்கும் காட்டு விலங்குக்கும் நடுவே இருக்கவேண்டிய தூரம் எங்ஙனம் அழிந்தது, பின்னர் எங்ஙனம் மீட்கப்பட்டது என்ற சரித்திரமே அதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

பழந்தமிழ் அகப்பாடல்களில் எண்கு என்ற பெயரோடு வருகின்ற கரடி, பெரும்பாலும் உண்ணும் நிலையிலேயே நமக்குக் காட்சி தருகிறது. புற்றைப் பெயர்த்து உள்ளிருக்கும் கறையான் சோற்றைத் தின்பதும், இருப்பை என அன்று வழங்கிய இலுப்பையின் பூவைக் கூட்டமாக வந்து கவர்வதும் அப்புலவர்கள் மீண்டும் மீண்டும் தீட்டிய சித்திரங்கள். இரவில் மலைவழி வரும் தலைவனுக்கு நேரக்கூடிய அபாயங்களுள் ஒன்றாகக் கரடியை அவர்கள் கூறினார்களே தவிர, அதைக் கொடிய விலங்கென்று தூற்றவில்லை. அதன் ஊணையும் ஒழுக்கத்தையும் தொலைவில் நின்று கண்டவர்களின் நிதானம் அப்பாடல்களில் தெரிகிறது. வியப்பு என்னவெனில், அவர்கள் சொன்ன அவ்வுணவுகள் கரிசல் நாட்டு வறியவனுக்கும் உணவாயிருந்தவையே. முதல் மழை பெய்த மாலையில் புற்றடியில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்ற குடும்பங்கள் இப்பக்கத்தில் பல. இலந்தையும் நாவலும் மேய்ச்சல் சிறுவர்களின் மடியை நிரப்பியவை. கரடியைக் காணாத ஊராயினும் கரடியின் பசி இன்னதென்று இவ்வூர் அறியும்.

இராமாயணப் பிரசங்கத்தின் மூலம் இவர்கள் அறிந்த கரடி வேறு. ஜாம்பவான் என்னும் பெயரோடு, வயதிலும் அறிவிலும் முதிர்ந்து, அனுமனுக்கு அவனது ஆற்றலை நினைவூட்டுகிற மந்திரியாக அது வந்தது. காட்டில் உள்ளது அபாயம், கதையில் உள்ளது ஞானம் என்று இரண்டையும் முரண்பாடின்றி ஒருசேர ஏற்றுக்கொண்ட மக்கள், மூன்றாவதாக ஒரு கரடியையும் கண்டார்கள். அது கயிற்றில் வந்த கரடி.

அறுவடை முடிந்து களத்தில் தானியம் சேர்ந்த காலத்தில் குடுகுடுப்பைக்காரனும் பூம்பூம் மாட்டுக்காரனும் குரங்காட்டியும் ஊர் ஊராக வந்தது போலவே கரடிக்காரனும் வருவான். மூக்கைத் துளைத்துக் கோத்த கயிறு ஒரு கையிலும் கோல் ஒரு கையிலுமாக அவன் தெருமுனையில் தோன்றியதும், தறிக்குழியில் இருந்த நெசவாளியும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவான். கரடி பின்னங்கால்களில் நின்று ஆடும், கும்பிடு போடும், அவனோடு மல்லுக்கட்டுவதாகப் பாவனை செய்யும். வேடிக்கை முடிந்தபின் வைத்தியம் தொடங்கும். இரவில் அலறி விழிக்கும் பிள்ளைகளுக்குப் பயம் தெளியும் என்று சொல்லிக் கரடி முதுகில் சற்று நேரம் அமர்த்துவார்கள். அதன் ரோமத்தைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவார்கள். மரக்காலில் அளந்த தானியமும் பழந்துணியும் சில்லறைக் காசும் பெற்றுக்கொண்டு அவன் அடுத்த ஊருக்குப் போவான்.

அந்த ஆட்டத்தின் பின்னணியைத் தெருவில் நின்றவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? தாய்க் கரடியைக் கொன்றோ விரட்டியோ குட்டியைக் கவர்வதும், பழுக்கக் காய்ச்சிய ஊசியால் அதன் மூக்கைத் துளைப்பதும், கோரைப் பற்களை உடைத்தெடுப்பதும் அத்தொழிலின் ஆரம்ப கிருத்தியங்களாக இருந்தன. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் கலந்தர் என்ற சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவந்தனர். அவர்களும் வேறு நிலபுலன் இல்லாத வறியவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டிலிருந்து குட்டியைப் பிடிப்பதைக் குற்றமாக்கிற்று. 1998இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிப் பிராணிகளாகப் பழக்குவதையே தடுத்தது. 2009ஆம் ஆண்டோடு இந்தியத் தெருக்களில் கரடியாட்டம் முடிவுற்றது. தாயத்தில் அடைத்த ரோமமும் இன்று சட்டத்தின் பார்வையில் வனவிலங்கின் உடற்பொருளே. இவ்வாறு கையெட்டும் தூரத்தில் கண்ட கரடியே எல்லாவற்றினும் பொய்யான கரடி. அதனிடம் காட்டின் சுபாவம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அதன் நடையும் நிலையும் வலியினால் கற்பிக்கப்பட்டவை.

கற்றவர்கள் கண்ட கரடியும் நெடுங்காலம் பொய்யாகவே இருந்தது. 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில இயற்கை நூலார், இவ்விலங்கின் நீண்ட நகங்களையும் மேல்வாயின் முன்புறத்தில் இரண்டு பற்கள் இல்லாமையையும் வைத்துத் தென்னமெரிக்க மரங்களில் தொங்கி வாழும் ஸ்லாத் என்னும் பிராணியின் இனத்தில் இதைச் சேர்த்துவிட்டார். காட்டில் உலவும் கரடியைக் கண்டவர் எவரும் செய்யாத பிழை அது. பின்னர் வந்த வெள்ளைக்காரத் துரைமார்களும் ஜமீன்தார்களும் துப்பாக்கியின் முனை வழியே இதனைப் பார்த்தார்கள். ஆங்கில அரசாங்கத்தின் ஆண்டறிக்கைகளில் புலி, சிறுத்தை, ஓநாய் ஆகியவற்றோடு கரடியும் மனிதரைக் கொல்லும் விலங்குகளின் அட்டவணையில் இடம் பெற்றது. கென்னத் ஆண்டர்சன் 1957இல் வெளியிட்ட வேட்டை நூலில், மைசூர் நாட்டு அரசிக்கெரேப் பக்கத்தில் பலரைக் கொன்றும் முகம் சிதைத்தும் திரிந்து கடைசியில் தம் குண்டுக்கு இரையான ஒரு கரடியின் விருத்தாந்தத்தை எழுதியிருக்கிறார். வேட்டைக்காரன் எழுதிய கரடியின் வரலாறு என்றும் அதன் மரணத்தோடுதான் முடிகிறது. அது வாழ்ந்த விதத்தைச் சொல்ல அவனுக்கு அவகாசம் இருப்பதில்லை.

அவ்வவகாசத்தைத் தந்த சாதனம் காமிரா. ஆனால் அது காட்டுக்குப் போகத் தகுதி பெறுவதற்கே பல பதிற்றாண்டுகள் பிடித்தன. லின்னேயஸ் ட்ரைப் என்ற இராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858இல் மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கர் மகாலையும் படமெடுத்தபோது, மெழுகு ஏற்றிய காகிதத்தில் ஒளி பதிவதற்கு நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அசையாத கல்லுக்கே அக்காலக் காமிரா உரியது. காதசைக்கும் விலங்கு அதற்கு எட்டாத பொருள். உலர்ந்த கண்ணாடித் தகடும், சுருள் பிலிமும், தூரப் பொருளை அண்மையிற் காட்டும் லென்சும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகே நிலைமை மாறிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் இரவில் மக்னீசிய வெளிச்சம் எழுப்பி எடுத்தவை உள்ளிட்ட 74 விலங்குப் படங்களை 1906இல் நேஷனல் ஜியாகரபிக் பத்திரிகை வெளியிட்டது. அம்முறையை இந்தியக் காட்டுக்கு ஏற்பச் செப்பனிட்டவர் ஐக்கிய மாகாணத்து வன அதிகாரியான எஃப். டபிள்யூ. சாம்பியன். விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அதன் கால் பட்டதும் வெளிச்சமும் காமிராவும் ஒருங்கே இயங்குமாறு அவர் அமைத்தார். 1927இல் அவர் வெளியிட்ட புலிக்காட்டுப் புகைப்பட நூல், துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுக்கும்படி பலரைத் தூண்டிற்று. மனிதன் அவ்விடத்திலேயே இல்லாதபோது எடுக்கப்படும் படம் என்ற கருத்து, நம் நாட்டில் அன்றே வேர்விட்டது.

இதற்கு நேர்மாறான வழியில் சென்று, தாமே காட்டில் நின்று கண்டு எடுக்க வேண்டும் என்று வாழ்ந்தவர் தமிழ்நாட்டு மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மைந்தராக 1912இல் பிறந்த இவர், நாற்பதுகளில் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வறண்ட குன்றுகளின் வாழ்க்கையை நன்கு அறிந்துகொண்டார். 1950இல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய இயற்கைக் குறிப்புகளை 1996இல் தாம் மறையும் வரையில் நாற்பத்தாறு ஆண்டுகள் விடாமல் எழுதினார். பல காமிராக்களின் உறுப்புகளைத் தாமே பொருத்தி ஒரு கனத்த கருவியை உண்டாக்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் பிலிமிலேயே அவர் படமெடுத்தார். ஜவாஹர்லால் நேரு நினைவு நிதியின் ஆதரவைப் பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக நூலுருப் பெற்றது. விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. அது நிற்கும் மண்ணும், உண்ணும் செடியும், உடனிருக்கும் இனமும் படத்தில் இருந்தாலன்றி அது விலங்கின் படமாகாது என்ற கொள்கை, அவர் விட்டுச் சென்ற படங்களைப் புரட்டும் எவருக்கும் விளங்கும். அகப்பாடற் புலவனின் பார்வைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இனி, கரடியை அபாயமின்றியும் பயனுறவும் படமெடுப்பதற்கு அவ்விலங்கின் சுபாவமே இலக்கணம் வகுத்திருப்பதைக் காண்போம். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம். மூக்கு மட்டும் அதிசூட்சுமம். முன்கால் நகங்கள் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அவற்றால் புற்றைப் பிளந்து, நாசித் துவாரங்களை மூடிக்கொண்டு, மேற்பல் இல்லாத இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும்போது எழும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அவ்வோசையில் மூழ்கியிருக்கும் கரடிக்கு மனிதனின் காலடி கேட்பதில்லை. காற்று எதிர்த்திசையில் வீசுமாயின் அவனது வாடையும் எட்டுவதில்லை. பத்தடிக்குள் வந்து நின்ற உருவத்தை அது திடீரெனக் காணும்பொழுது ஓடுவதை விடப் பாய்வதே அதன் வழக்கம். பின்காலில் எழுந்து தலையையும் முகத்தையும் தாக்குவதால்தான், கரடியிடம் அகப்பட்டுப் பிழைத்தவர்களின் முகத்தில் அதன் கையெழுத்து நிலைத்துவிடுகிறது. ஆகவே மான் வேட்டைக்காரனுக்கு வித்தையாகிய ஓசையற்ற நடை, கரடிக் காட்டில் வித்தையன்று, விபரீதம். சதுரகிரிப் பாதையில் யாத்திரிகர் கூட்டம் கூட்டமாகக் கோஷமிட்டுச் செல்வது பக்தியோடு பாதுகாப்பும் ஆகிறது. தேன் எடுப்பதில் கரடியோடு தலைமுறை தலைமுறையாகப் போட்டியிட்டுவரும் மலைவாழ் பளியர், வளைவுகளில் குரல் கொடுத்துவிட்டுத் திரும்புவதும் இதே காரணம் பற்றியே.

ஆகவே படமெடுப்போன் கரடியைத் தேடிப் போகாமல், கரடி வருமிடத்தைத் தேர்ந்து தொலைவில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பஞ்சாங்கம் போல உதவுவது மரங்களின் பருவம். மார்கழி, தை மாதங்களில் இலந்தை பழுக்கும். பங்குனி, சித்திரையில் இலுப்பைப்பூ விடியற்காலையில் உதிரும். கோடையில் கொன்றைக்காய் முற்றும். ஆனி, ஆடியில் நாவல் கனியும். மழை தொடங்கியதும் புற்றுகளில் ஈசல் கிளம்பும். எம்மரம் எங்கே பழுத்திருக்கிறது என்றறிந்த வனக்காவலர் ஒருவரின் துணை, விலையுயர்ந்த லென்சினும் மேலானது. வாகனத்திலோ காவற்கோபுரத்திலோ இருந்தபடி, கரடிக்கும் அதன் குகைக்கும் குறுக்கே நில்லாமல், பாறை இடுக்குகளை விட்டு விலகிய இடத்தில் அமர்வதே முறை. பிறந்து சில மாதங்கள் வரையில் குட்டிகளை முதுகில் சுமந்து திரிவது இக்கரடியின் தனிப்பண்பு. அக்காட்சி எவரையும் ஈர்க்கும், எனினும் குட்டியுள்ள தாயை நோக்கி ஓரடி முன்வைப்பதும் மதியீனமே. உண்பதை நிறுத்திக் கரடி தலையை உயர்த்தி மோப்பம் பிடித்தாலோ, மூச்சைச் சீறிவிட்டாலோ, அங்கே தூரம் போதவில்லை என்று பொருள். பின்வாங்க வேண்டியவன் மனிதனே.

கலையின் இடர் வேறொன்று உண்டு. கருமையே உருவான விலங்கு வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும். நண்பகல் வெயிலில் எடுத்த கரடி, கண்ணும் காதும் தெரியாத கரிய திரளாகவே படத்தில் விழும். அக்கருமையை மட்டும் அளந்து காமிரா தானே ஒளியைக் கூட்டுமாயின், ரோமம் சாம்பல் நிறமாகி வெளுத்துப்போகும், பின்னணியில் உள்ள பாறை எரிந்துவிடும். வெளிறிய மூக்குப் பகுதியையும் மார்பில் வளைந்து கிடக்கும் வெள்ளைக் குறியையும் அளவுகோலாகக் கொண்டு ஒளியை நிதானித்து, காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் வெயிலில் எடுத்தால், மயிரிழைகள் தனித்தனியே பிரிந்து தோன்றும். கரடி வெளிவரும் வேளையும் பெரும்பாலும் அதுவேயாதலால், அபாயத்தின் நேரமும் அழகின் நேரமும் ஒன்றாகின்றன. காலால் நடந்து திரியாமல் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு இதைவிட வலிய காரணம் வேண்டுவதில்லை.

கரடியை வரவழைத்துக் காட்டும் வழியும் ஒன்று உண்டு. கிருஷ்ணன் வாழ்ந்த சந்தூருக்கு அண்மையில், தரோஜி என்னுமிடத்தில் 1994இல் கர்நாடக அரசு கரடிகளுக்கென்றே ஒரு சரணாலயத்தை ஏற்படுத்திற்று. மழை குறைந்த முட்காடும் உருண்டைப் பாறைகளும் நிறைந்த அவ்விடம், வறட்சி ஒன்றே கரடியை விரட்டுவதில்லை என்பதற்குப் பிரத்யட்ச சாட்சி; பாறையும் புதரும் நீரும் இருந்தால் அது வறண்ட நாட்டிலும் வாழும். அங்கே பிற்பகலில் ஊழியர் பாறைகளில் வெல்லப்பாகு போன்ற இனிப்பைப் பூசி வைக்க, குகைகளிலிருந்து இறங்கிவரும் கரடிகளைத் தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து ஜனங்கள் கண்டு களிக்கிறார்கள். பல்லாயிரம் பேருக்குக் காட்டுக் கரடியைக் காட்டி, அதன்பால் பரிவை உண்டாக்கிய நன்மை அம்முறைக்கு உண்டு. எனினும் இனிப்புக்கு வந்த கரடியின் படத்தில், அது தானாகத் தேடி உண்ணும் வாழ்க்கை பதிவாவதில்லை. கோல் இல்லை, கயிறு இல்லை, ஆனால் பழக்கம் இருக்கிறது. மனிதன் தந்த தின்பண்டத்தின் ருசி கண்ட கரடி ஊருக்குள் இறங்கினால் நேரும் விளைவை நீலகிரித் தேயிலைத் தோட்டத்து மக்களைக் கேட்டால் சொல்வார்கள். தனிப்பட்ட எவரும் படத்துக்காக இரை வைப்பது இதனாலேயே கண்டிக்கத் தக்கது.

நம் மேற்கு மலைகளில் இவ்வாறு இரை வைத்துக் கரடியைக் காட்டுவதற்கு இடமில்லை. நரையணிலுக்காக 1988இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம், 2021இல் மேகமலையோடு இணைந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று. சரணாலயத்தினுள் புகைப்படம் எடுப்பதற்காகப் புகுவோர் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி பெற வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அங்கே இன்று கரடியை மிகுதியாகப் படமெடுப்பது மனிதனல்ல. மரத்தில் கட்டிய தானியங்கிக் காமிரா. சாம்பியனின் கம்பிக்குப் பதிலாக விலங்கின் உடற்சூட்டை உணரும் கருவி அதில் இருக்கிறது. 2018-19இல் நாடெங்கும் நடந்த புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் நிறுவிய இத்தகைய காமிராக்கள் ஏறக்குறைய 3 கோடியே 48 லட்சம் படங்களைப் பதித்தன. புலியை நாடி வைத்த காமிராவின் முன் கரடியும் நடந்து போகிறது. கலைநயம் தேடுவோர்க்கு அப்படங்களில் சுவை குறைவு. ஆனால் தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்ற நிலையில் கரடி எவ்வாறு நடக்கிறது, எவ்வேளையில் குட்டியோடு சுனைக்கு வருகிறது என்பவற்றை அவை கூறுகின்றன. மனிதக் கண் அங்கே இருந்திருந்தால் அவ்வுண்மை மாறியிருக்கும்.

சமவெளியிலிருந்து காமிராவும் கையுமாக மேற்கே புறப்படும் இளைஞர் இன்று அருப்புக்கோட்டையிலும் உண்டு. அவர்களுடைய பாட்டன்மார் கரடியின் ரோமத்தை அரையில் கட்டிக்கொண்டு தைரியம் பெற்றார்கள். இவர்கள் அதன் உருவத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பெருமை பெற விழைகிறார்கள். இரண்டு ஆசைக்கும் வேர் ஒன்றே: காட்டின் வலிமையில் ஒரு துளியைத் தமதாக்கிக்கொள்ளும் ஆசை. அதில் குற்றமில்லை, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் குற்றமும் குணமும் இருக்கின்றன. கயிற்றுக் கரடி தன் மூக்கையும் பற்களையும் கொடுத்தது. வேட்டைக் கரடி உயிரைக் கொடுத்தது. இரைக்கு வரும் கரடி தன் தற்சார்பைக் கொடுக்கிறது. தொலைவில் அமர்ந்து, பருவமறிந்து, பொறுமையாக எடுக்கப்பட்ட படத்துக்கு மட்டுமே விலை முழுவதையும் மனிதன் தன் காலத்தாலும் உழைப்பாலும் செலுத்துகிறான். கரடிப் படத்தின் தரத்தை நிர்ணயிக்க உருவத்தின் பெருமையையோ கருவியின் விலையையோ பார்க்க வேண்டியதில்லை. படம் எடுத்தவன் எழுந்து போன பின்பும் கரடி அதே புற்றில் தன் உணவைத் தொடர்ந்து உண்டதா என்று கேட்டாலே போதும்.